உயரமானவருக்கு பைக் சீட்: பின் ஷாக்கில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் உயரம் 6 அடி 2 அங்குலம். 150 சிசி பைக்கில் வாரம் இரண்டு தடவை சேலத்திலிருந்து ஏற்காடு போய் வருகிறேன். மேலே போய்ச் சேர்வதற்குள் முட்டி வலி தாங்கவில்லை. பின் ஷாக்கை, அதாவது பின் சக்கர ஷாக் அப்சார்பரை, உயர்த்தினால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் உங்கள் காலுக்கு இடம் போதவில்லை, அதனால்தான் வலி. இரண்டுமே ஃபிரேமில் நிற்பவை. பின் ஷாக்கை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்தே மேலே போகும், முட்டி மடங்கினது மடங்கினபடிதான் இருக்கும். அதோடு செயின் டென்ஷன் மாறும், சைடு ஸ்டாண்ட் கட்டையாகி வண்டி ரொம்பச் சாயும், எடை முன்னால் தள்ளும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே இறங்கி வர வேண்டும், யோசித்துப் பாருங்கள். இது தெரிந்தே விற்கிறார்கள், எனக்குக் கோபம் அதில்தான்.

சீட்டைத்தான் உயர்த்த வேண்டும். முதலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரை அங்குலமே பெரிய வித்தியாசம் காட்டும். பிறகு சீட் தைக்கும் கடையில் கெட்டி ஃபோம் போடச் சொல்லுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பொதக்கென்று உள்ளே போகிற ஃபோம் சில மாதத்தில் அமுங்கிவிடும், வேண்டாம். டேங்க் பக்கம் அகலமாக்க விடாதீர்கள், காலை ஊன்ற முடியாது. கியர் லீவரையும் பிரேக் பெடலையும் உங்கள் பாதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெடலை மாற்றினால் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'சீட் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், நான் முடித்துத் தருகிறேன்' என்று புரோக்கர் யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் இருக்கும், சீட் எத்தனை அங்குலம் என்று இருக்காது. ஃபிரேமை வெட்டி ஃபுட்ரெஸ்ட்டை இடம் மாற்றி வெல்டு வைப்பதுதான் வம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. உயரமானவர்களையும் நினைத்து இரண்டு அளவில் சீட் கொடுக்க கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? அதைக் கேட்க ஆளில்லை, அவதிப்படுகிறவன்தான் சட்டம் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். உயரமானவர் எல்லோருக்கும் கால் நீளம் என்று இல்லை. உங்கள் உயரமே உள்ள நண்பரைப் பக்கத்தில் ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால் உங்கள் தலை அவரைவிட மேலே இருந்தால், உங்கள் நீளம் உடம்பில் இருக்கிறது, காலில் இல்லை. அப்படிப்பட்டவர் சீட்டை உயர்த்தினால் கைக்கு ஹேண்டில் இன்னும் தாழ்ந்து, முட்டி வலியோடு முதுகு வலியும் சேரும். அவருக்கு ஹேண்டிலைத்தான் உயர்த்த வேண்டும். முட்டி வலியும் இருந்தால் சீட்டை அரை அங்குலத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஹேண்டிலில் பாருங்கள்.

ஹேண்டிலை உயர்த்தினால், இன்ஜினை நியூட்ரலில் ஓட விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் மலை ஏறாதீர்கள். உட்கார்ந்தபடியும் ஒரு தடவை திருப்பி, ஹேண்டில் முட்டியில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே கடையை விட்டுக் கிளம்புங்கள்.