நரகப் படையில் எதை முதலில் மேம்படுத்துவது?

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' என்ற கணினி உத்தி விளையாட்டில் இன்ஃபெர்னோ என்ற நரக நகரத்துடன் ஆடிவரும் வாசகர் ஒருவர் தமது நிலவரத்தை விரிவாக எழுதி ஆலோசனை கேட்டிருக்கிறார். ஆட்டத்தில் இரண்டாம் மாதம் பிறந்திருக்கிறது. அவருடைய ஹீரோவிடம் 60 இம்ப், 25 காக், 14 ஹெல் ஹவுண்ட், 12 டீமன், 6 பிட் ஃபீண்ட், 4 எஃப்ரீட்டி, 1 டெவில் இருக்கின்றன. கையிருப்பு 6,200 தங்கமும் 3 பாதரசமும். கோட்டை முழுமையாக எழுந்துவிட்டது. இம்ப்பைத் தவிர மற்ற ஆறு வகைகளுக்கும் மேம்பட்ட இருப்பிடங்கள் கட்டியாகிவிட்டன. எதிரி காஸில் நகரத்துக்காரர், அவரிடம் ஏஞ்சல்கள் உண்டு. இருக்கும் டெவிலை ஆர்ச் டெவிலாக்கி, இன்னொரு டெவிலையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானா என்பது அவருடைய கேள்வி.

இந்த வாரத்துக்கு அது சரியான முடிவு அல்ல. மேம்படுத்த 1,800 தங்கமும் 1 பாதரசமும், புதிய டெவிலுக்கு 2,700 தங்கமும் 1 பாதரசமும் ஆக மொத்தம் 4,500 தங்கம் போய்விடும். அதற்குப் பிறகும் ஆர்ச் டெவில் ஒன்றும் சாதாரண டெவில் ஒன்றும் தனித்தனியாகத்தான் நிற்கும், ஏனென்றால் மேம்பட்டதும் மேம்படாததும் ஒரே பிரிவாகச் சேரா. ஹீரோவின் படையில் உள்ள ஏழு இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் புதிய டெவிலுக்கு நிற்க இடமே இல்லை. இரண்டையும் ஆர்ச் டெவிலாக்க வேண்டுமானால் 6,300 தங்கம் தேவை, உங்களிடம் அதற்கு 100 குறைகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்கள் திட்டப்படி செலவிட்டால் மற்ற உயிரினங்களுக்கு 1,700 தங்கம்தான் மிஞ்சும்.

புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் டெவில் போன்ற ஏழாம் நிலை உயிரினத்திலிருந்து கீழ்நோக்கிப் பணத்தைச் செலவிடுகிறார்கள். மேம்படுத்தலின் மதிப்பை உயிரினத்தின் நிலையை வைத்து அளக்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு எண்கள் மட்டும் கூடுகின்றனவா, அல்லது அதுவரை இல்லாத ஒரு திறன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஃபெர்னோவில் இந்த வேறுபாடு மற்ற நகரங்களைவிடக் கூர்மையானது, ஏனென்றால் இங்கே மிக மலிவான ஒரு மேம்படுத்தல் படையின் தன்மையையே மாற்றிவிடுகிறது, இன்னொன்று ஏறத்தாழ எதையுமே மாற்றுவதில்லை.

முதலாவது ஹெல் ஹவுண்ட். ஒன்றுக்கு 50 தங்கம் கொடுத்தால் அது செர்பரஸ் ஆகிறது. தாக்குதல் 10 என்றே இருக்கிறது, சேதமும் 2 முதல் 7 என்றே இருக்கிறது, உயிர்ப்புள்ளியும் 25தான். தற்காப்பு 6 என்பது 8 ஆகவும், வேகம் 7 என்பது 8 ஆகவும் மாறுகின்றன. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் செர்பரஸ் தாக்கினால் எதிரி பதிலடி கொடுக்க முடியாது. அத்துடன் முன்னால் அடுத்தடுத்த மூன்று அறுகோணக் கட்டங்களில் நிற்கும் எதிரிகள் அனைவரையும் ஒரே கடியில் தாக்குகிறது. காஸில் படையில் ராயல் கிரிஃபின்கள் இருந்தால், அவை ஒரு சுற்றில் எத்தனை முறை தாக்கப்பட்டாலும் அத்தனை முறையும் திருப்பியடிப்பவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாதாரண ஹெல் ஹவுண்டுகளை அவற்றின்மேல் ஏவினால் ஒவ்வொரு கடிக்கும் சில ஹவுண்டுகள் சாகும், செர்பரஸை ஏவினால் ஒன்றும் சாகாது. வில்லாளர்களும் துறவிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூலையில் 14 செர்பரஸ்கள் நுழைந்துவிட்டால் இரு பிரிவுகளும் ஒரே நேரத்தில் கரையத் தொடங்கும். உங்கள் 14க்கும் சேர்த்து ஆகும் செலவு 700 தங்கம். இதை யோசிக்காமல் செய்துவிடுங்கள்.

அடுத்தது எஃப்ரீட்டி. இதை எஃப்ரீட் சுல்தானாக மேம்படுத்த ஒன்றுக்கு 200 தங்கம். தற்காப்பு 12 இலிருந்து 14 ஆகிறது, அருகில் வந்து தாக்குபவர் தந்த சேதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கே தீயாகத் திரும்பும் கவசமும் கிடைக்கிறது. இவை நல்லவைதான், ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது வேகத்துக்காக. எஃப்ரீட்டியின் வேகம் 9, சுல்தானின் வேகம் 13; உங்கள் எதிரியிடம் இருக்கும் ஏஞ்சலின் வேகம் 12. சாதாரண எஃப்ரீட்டி ஏஞ்சல் அடித்து முடித்த பிறகுதான் நகரும், சுல்தான் அதற்கு முன்பே பறந்து போய் அடித்துவிடும். காஸில் படையில் சுல்தானைவிட வேகமானது 18 வேகம் கொண்ட ஆர்க்கேஞ்சல் மட்டுமே. முதலில் அடிப்பவர் எதிரியின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்ட பிறகே எதிரி அடிக்கிறார் என்பதால், இந்த விளையாட்டில் வேகம் என்பது மறைமுகமான தாக்குதலாகவும் தற்காப்பாகவும் வேலை செய்கிறது.

இருக்கும் நான்கை மேம்படுத்த 800 தங்கம். கோட்டை முழுமையடைந்திருப்பதால் இந்த வாரம் புதிதாக 4 எஃப்ரீட்டிகள் காத்திருக்கும். மேம்பட்ட இருப்பிடம் இருப்பதால் ஒன்று 1,100 தங்கத்துக்குச் சுல்தானாகவே கிடைக்கும். அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அது 3,300 தங்கம். நான்காவதை ஏன் விடுகிறோம் என்றால், அந்தப் பணம் பிட் ஃபீண்டுகளுக்குத் தேவைப்படுகிறது.

பிட் ஃபீண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 200 தங்கத்துக்குப் பிட் லார்டாக மாறும்போது வேகம் ஒன்று கூடுகிறது. தாக்குதல், தற்காப்பு, சேதம், 45 உயிர்ப்புள்ளி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் முழுவதும் அழிந்துபோன உங்கள் பிரிவு ஒன்றின் சடலங்களிலிருந்து டீமன்களை எழுப்பும் திறன் வருகிறது. பிட் லார்ட் ஒவ்வொன்றும் 50 உயிர்ப்புள்ளி அளவுக்கு எழுப்பும். ஒரு டீமனுக்கு 35 புள்ளிகள் வேண்டும். சடலங்களிலும் அந்த அளவுக்கு உயிர்ப்புள்ளிகள் இருந்திருக்க வேண்டும். ஒரு பிரிவு ஒரு போரில் ஒரே ஒரு முறைதான் இதைச் செய்யும். உங்கள் 6 பிட் லார்டுகளின் எல்லை 300 புள்ளிகள், அதாவது 8 டீமன்கள். 25 காக்குகளும் அழிந்தால் சடலங்களில் 325 புள்ளிகள் இருக்கும், எனவே எட்டும் எழும். 60 இம்ப்களும் அழிந்தால் 240 புள்ளிகள்தான், ஆறுதான் எழும்.

இதைக் கேட்டதும் இம்ப்களை வேண்டுமென்றே சாகவிட்டு டீமன்களாக மாற்றிக்கொள்ளும் ஆசை வரும். விலையைப் பாருங்கள்: 60 இம்ப்களின் விலை 3,000 தங்கம், அவற்றிலிருந்து எழும் 6 டீமன்களின் விலை 1,500. பணக் கணக்கில் பாதி நட்டம். எப்படியும் சாகப்போகிற பிரிவிலிருந்து கிடைப்பதை வீணாக்காமல் இருப்பதற்குத்தான் இந்தத் திறன். பலிகொடுப்பதைத் தொழிலாக்கிக்கொள்வதற்கு அல்ல. விதிவிலக்கு ஒன்று உண்டு. பணம் தாராளமாக இருந்து, வாராந்திர டீமன் எண்ணிக்கைதான் தடையாக இருக்கிறது என்றால் அப்போது இந்த மாற்றம் லாபம்தான். உங்கள் நிலை அது இல்லை. இருந்தாலும் 1,200 தங்கம் கொடுத்து ஆறையும் பிட் லார்டாக்குவது நியாயமான செலவு. ஏஞ்சல்களோடு மோதினால் ஒரு பிரிவாவது முழுதாக அழியத்தான் போகிறது, அதிலிருந்து ஏழெட்டு டீமன்கள் மீண்டால் செலவு முதல் போரிலேயே திரும்பிவிடும். எழுப்புவதற்குப் பிட் லார்டுகளின் முறை ஒன்று செலவாகும் என்பதால், வெற்றி உறுதியானதும், எதிரியின் கடைசிப் பிரிவைக் கொல்வதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

இங்கிருந்துதான் டீமன்களை மேம்படுத்த வேண்டாம் என்ற ஆலோசனையும் வருகிறது. ஒன்றுக்கு 20 தங்கம் என்பது கண்ணை உறுத்தாத விலை. ஆனால் கிடைப்பது 5 உயிர்ப்புள்ளியும் ஒரு வேகமும் மட்டுமே, புதிய திறன் எதுவும் இல்லை. எழுப்பப்படுபவை எப்போதும் கொம்பில்லாத சாதாரண டீமன்களாகவே எழும். உங்கள் 12 டீமன்கள் மேம்படாமல் இருந்தால் அவற்றோடு புதியவற்றை ஒரே பிரிவாகச் சேர்த்துவிடலாம். ஹார்ன்ட் டீமன்களாக மாற்றிவிட்டிருந்தால் ஏழு இடங்களில் இரண்டை டீமன் இனத்துக்கே ஒதுக்க நேரிடும். இறுதிப் போருக்கு முன் நகரத்துக்குத் திரும்பும் வாய்ப்பு இருந்தால் அப்போது எல்லாவற்றையும் மொத்தமாக மேம்படுத்திக்கொள்ளலாம். உயிரினங்களை மேம்படுத்தித் தரும் ஹில் ஃபோர்ட் வரைபடத்தில் இருந்தால் நான்காம் நிலைக்கு முக்கால் விலைதான் கேட்பார்கள். முதல் நிலைக்கு இலவசம் என்பதால் இம்ப்களையும் அங்கேயே ஃபெமிலியர்களாக்கிவிடலாம். எதிரி ஹீரோ மந்திரத்துக்குச் செலவிடும் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்கு ஃபெமிலியர்கள் வழியாக உங்களுக்கு வரும். கிடைத்தால் நல்லது, அதற்காக இப்போது இருப்பிடம் கட்ட வேண்டியதில்லை.

ஆக 700, 800, 3,300, 1,200, மொத்தம் 6,000. இருநூறு கையில் நிற்கும், பாதரசம் மூன்றும் அப்படியே இருக்கும்.

காக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 25 காக்குகளுக்கு 1,250 தங்கம் ஆகும், அதற்குக் கிடைக்கும் மேகாக்கின் தீயுருண்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள கட்டங்களையும் எரிக்கும். எதிரிகள் நெருக்கமாக நிற்கும் முதல் சுற்றில் இது அருமையான ஆயுதம். இரண்டாம் சுற்றில் உங்கள் செர்பரஸ்கள் எதிரியோடு ஒட்டி நிற்கும்போது அதே தீ உங்கள் செர்பரஸ்களையும் எரிக்கும். அது யாருடையது என்று பார்ப்பதில்லை. வேகமாகப் பாய்ந்து நெருங்கி அடிக்கும் படையை நீங்கள் கட்டுகிறீர்கள், ஆகவே மேகாக் உங்கள் பாணிக்கு ஒத்துவராது. நகரத்தைக் காக்கும் படைக்கு அது பொருந்தும். மேலும் காக்கின் வேகம் 4; வரைபடத்தில் ஹீரோ ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது நாள் தொடங்கும்போது படையில் இருக்கும் மிக மெதுவான உயிரினத்தைப் பொறுத்தது. வேகம் 4 என்றால் 1,560 நகர்வுப் புள்ளிகள், 5 என்றால் 1,630, 7 என்றால் 1,760. சாதாரண நிலத்தில் ஒரு கட்டத்துக்கு 100 புள்ளி என்பதால் வேறுபாடு ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு கட்டங்கள்தான். துரத்தும்போதும் தப்பும்போதும் தவிர இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நெடுந்தூரப் பயணமானால் காக்குகளை நகரத்தில் விட்டுச் செல்லலாம், பிட் லார்டுகளுக்குச் சடலம் கொடுக்க இம்ப்கள் இருக்கின்றன.

இனி ஆர்ச் டெவில். அதைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். அடுத்த பணம் வந்ததும் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். ஒரு தாக்குதல் புள்ளி எதிரியின் தற்காப்பைவிடக் கூடினால் சேதம் 5 சதவீதம் கூடும், ஒரு தற்காப்புப் புள்ளி எதிரியின் தாக்குதலைவிடக் கூடினால் வாங்கும் சேதம் 2.5 சதவீதம் குறையும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. ஹீரோவின் திறன்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தற்காப்பு 12 உள்ள எதிரியை 19 தாக்குதல் கொண்ட டெவில் சராசரியாக 47 புள்ளி அளவுக்குத் தாக்கும். 26 தாக்குதல் கொண்ட ஆர்ச் டெவில் 59 புள்ளிக்கு மேல் தாக்கும். தாக்குப்பிடிக்கும் வலிமையில் வேறுபாடு இன்னும் பெரிது: தற்காப்பு 21 இலிருந்து 28 ஆகவும் உயிர்ப்புள்ளி 160 இலிருந்து 200 ஆகவும் உயர்வதால், 16 தாக்குதல் கொண்ட எதிரிக்கு எதிரே அது ஒன்றரை மடங்குக்கும் மேல் நிற்கும். வேகம் 11 என்பது 17 ஆகிறது, ஏஞ்சலை முந்துகிறது. ஏஞ்சல்கள்மேல் டெவில்களுக்கு இருக்கும் வெறுப்பால் 50 சதவீதம் கூடுதல் சேதமும் உண்டு. இத்தனை இருந்தும் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்பதுதான். தனியாகப் பாயும் ஒற்றை ஆர்ச் டெவிலை எதிரி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குறிவைப்பார். அது விழுந்தால் வாரத்துக்கு இரண்டு என்ற அளவில்தான் மீண்டும் கிடைக்கும். எதிரி உங்கள் எல்லைக்கு இரண்டு நாள் தொலைவில் வந்துவிட்டார், போர் தவிர்க்க முடியாதது என்றால் மட்டும் ஒரு மாற்றம் செய்யலாம்: புதிய சுல்தான்களில் இரண்டைக் குறைத்து, அந்த 2,200 தங்கத்தில் 1,800ஐ ஆர்ச் டெவிலுக்குக் கொடுங்கள்.

ஹீரோ தீ மந்திரத்தில் தேர்ந்தவராக இருந்து, மந்திரக் கூடத்தின் நான்காம் நிலையில் ஆர்மகெடான் என்ற தீ மந்திரம் கிடைத்தால் திட்டம் முழுவதும் மாறும். மந்திர வலிமை ஒவ்வொன்றுக்கும் 50 வீதமும், கைதேர்ந்தவருக்குக் கூடுதலாக 120ம் என்ற கணக்கில் களத்தில் நிற்கும் ஒவ்வொரு பிரிவையும் அது தாக்கும்; வலிமை 10 என்றால் 620. எஃப்ரீட்டிகளும் சுல்தான்களும் தீயால் பாதிக்கப்படாதவை, ஆனால் டெவில்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படியொரு ஹீரோவுக்குச் சுல்தான்களை மட்டும் கொடுத்து, மற்ற படையை இன்னொரு ஹீரோவிடம் ஒப்படைத்துவிடுங்கள். காஸில் படையில் இதைத் தடுக்கும் உயிரினம் எதுவும் இல்லை. பிளாக் டிராகன், கோல்டு டிராகன், ஃபீனிக்ஸ், தீப் பூதம் போன்றவை எதிரியிடம் சேர்ந்திருக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே கொடுத்த எண்கள் 1999இல் வெளியான மூல விளையாட்டுக்குரியவை. ரசிகர்கள் உருவாக்கிய விரிவாக்கங்களில் ஆடுகிறீர்கள் என்றால், உயிரினத்தின்மேல் வலது சொடுக்குச் செய்து வேகத்தையும் விலையையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டுச் செலவிடுங்கள்.