17-4 பிஎச் ஷாஃப்ட் ஏன் உடைஞ்சுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பம்ப் ஷாஃப்டுக்கு 17-4 பிஎச்ங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு வாங்கி, லேத்துல கடைஞ்சு அப்படியே மாட்டினோம். ஆறு மாசத்துல கிராக் விட்டு உடைஞ்சிருச்சு. டூப்ளிகேட் மெட்டீரியலா இருக்குமோ?

பதில்: மெட்டீரியல சந்தேகப்படறதுக்கு முன்னாடி டெஸ்ட் சர்டிபிகேட்ட எடுத்து கண்டிஷன், அதாவது எந்த அளவுக்கு சூடு பண்ணி பதப்படுத்தியிருக்காங்கன்னு பாருங்க. "கண்டிஷன் ஏ"ன்னு போட்டிருந்தா தப்பு அங்கதான் இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா அது பாதி வேலை முடிஞ்ச சரக்கு. சுமார் 1040 டிகிரி செல்சியஸ்ல சூடு பண்ணி ஆற வெச்சிருப்பாங்க, அவ்வளவுதான், இதுல இருக்கிற 3லிருந்து 5 சதவீதம் செம்பு அப்ப எஃகுக்குள்ளயே கரைஞ்சு மாட்டிக்கிட்டு இருக்கும். அத மறுபடி, உதாரணமா 482 டிகிரில ஒரு மணி நேரம், சூட்டுல வெச்சாத்தான் அந்தச் செம்பு கண்ணுக்கே தெரியாத பொடித் துணுக்கா பிரிஞ்சு, உள்ள அடுக்குகள் நழுவாம ஆப்பு அடிச்ச மாதிரி பிடிச்சுக்கும். இதுக்குப் பேருதான் ஏஜிங். இதப் பண்ணாம மாட்டினா பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அடி தாங்கற குணம் கம்மி, உப்புத்தண்ணி பட்டு இழுவிசையும் இருந்தா சட்டுனு கிராக் விடும்.

கடினத்த மட்டும் டெஸ்ட் பண்ணி ஓகே பண்ணிடாதீங்க. கண்டிஷன் ஏ ராடே கடினம் அளக்கற ராக்வெல் சி அளவுல 33, 35ன்னு காட்டும், எச் 1025ங்கிற ஏஜிங் பண்ண கண்டிஷனுக்கு வேண்டிய குறைந்தபட்சமே 35தான், அதனால நம்பர் பார்த்து ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம். நான் முதல்ல நிறத்தத்தான் பார்ப்பேன். சாதா ஃபர்னஸ்ல ஏஜிங் ஆன பீஸ் மேல வைக்கோல் நிறமோ லேசான வெண்கல நிறமோ ஏறியிருக்கும், பாலிஷ் போட்டா போயிடும், அப்ப சர்டிபிகேட்தான் கதி.

கேள்வி: எச் 900, எச் 1150ன்னு சொல்றாங்களே, எது நல்லது?

பதில்: அந்த நம்பர் ஏஜிங் சூடு, ஃபாரன்ஹீட்ல. எச் 900 பண்ணா டென்சைல் (இழுத்தா தாங்கற பலம்) குறைஞ்சது 1310 மெகாபாஸ்கல், கடினம் 40க்கு மேல. எச் 1150 பண்ணா 930, 28ன்னு இறங்கிடும், ஆனா அடி தாங்கும், கிராக்குக்கும் பயம் குறைவு. நிறைய பேரு பலம் அதிகம்னு எச் 900ஐயே எழுதிடறாங்க, எனக்கு அது பிடிக்காது. குளோரைடு இருக்கிற இடத்துல வேலை செய்யற ஷாஃப்ட், வால்வு ஸ்டெம், போல்ட்டுக்கெல்லாம் எச் 1025க்கு மேல போறதுதான் நிம்மதி. டிராயிங்ல வெறும் 17-4 பிஎச்னு எழுதாம இந்த எச் நம்பரையும் தயவுசெஞ்சு எழுதுங்க, சாதா ஸ்டெயின்லெஸ் 304 மாதிரி பேர மட்டும் சொல்லி வாங்கற சரக்கு இல்ல இது.

கேள்வி: ஃபைனல் சைஸ் கடைஞ்சுட்டு ஏஜிங் பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், இந்த கிரேடோட பெரிய வசதியே அதுதான். எண்ணெய்ல முக்கி குளிர வைக்கற வேலை இல்லாததால கோணல் வராது, ஆனா கொஞ்சம் சுருங்கும். எச் 900ல 100 மில்லிமீட்டருக்கு 0.04லிருந்து 0.06 வரைக்கும் குறையும், எச் 1150ல கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கு. பேரிங் உட்கார்ற இடத்துல இத விட்டுக் கடைங்க, இல்லன்னா லூஸாயிடும்.

கேள்வி: காந்தம் ஒட்டுது. ஸ்டெயின்லெஸ்தானா?

பதில்: ஆமாங்க. இது மார்ட்டன்சைட்ங்கிற, காந்தம் ஒட்டற எஃகு அமைப்பு, ஒட்டத்தான் செய்யும், ஒட்டலைன்னாத்தான் கவலைப்படணும். துரு விஷயத்துல பல இடங்கள்ல 304 கூட நிக்கும், தேங்கின கடல்தண்ணில இடுக்குகள்ல மட்டும் அரிப்பு வரும்.

கேள்வி: 400 டிகிரி லைன்ல போடலாமா?

பதில்: வேண்டாம். 300 டிகிரிக்கு மேல ரொம்ப நாள் இருந்தா மெல்ல மெல்ல நொறுங்கற தன்மை வந்துடும், வேற கிரேடு பாருங்க.