அந்த இன்ஸ்பெக்டர் யாராக இருந்தால் என்ன?

கேள்வி: ஆங்கில நாடக ஆசிரியர் பிரீஸ்ட்லியின் 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை, பெரம்பூர் மில் முதலாளி வீட்டுக் கதையாக மாற்றி ஒத்திகை பார்க்கிறோம். இன்ஸ்பெக்டர் யார் என்று கடைசிவரை சொல்லாததால் பார்த்தவர்கள் குழம்புகிறார்கள். செத்துப்போன பெண்ணின் அண்ணன்தான் அவர் என்று முடிவில் ஒரு காட்சி சேர்க்கலாமா?
- நாடகக் குழு உறுப்பினர், வியாசர்பாடி

பதில்: சேர்க்காதீர்கள். அந்த ஒரு காட்சி நாடகத்தையே சாய்த்துவிடும்.

1912-ல் நடக்கும் கதை. மகளுக்கு நிச்சயமான சந்தோஷத்தில் மில் முதலாளி பிர்லிங் வீட்டில் விருந்து. கூல் என்ற இன்ஸ்பெக்டர் வந்து, ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினி குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். அவளை மில்லை விட்டு நீக்கியவர் அப்பா. கடை வேலையிலிருந்து துரத்த வைத்தவள் மகள். வைத்திருந்து கைவிட்டவன் மாப்பிள்ளை. கர்ப்பமாக்கியவன் மகன். உதவி கேட்டு வந்தவளை விரட்டியவர் அம்மா. கூல் போன பிறகு, அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே இல்லை என்று தெரிகிறது. உடனே பெரியவர்களுக்குச் சிரிப்பு திரும்பிவிடுகிறது. ஆள் போலி என்றதும், செய்ததெல்லாம் செய்யாதது போல ஆகிவிட்டது!

"அவர் யார்?" என்பது பிர்லிங்கின் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொன்னால் பார்க்க வந்தவர்களையும் அவர் பக்கத்தில் உட்காரவைக்கிறீர்கள். அண்ணன் என்று சொல்லிவிட்டாலோ அது வெறும் பழிவாங்கும் கதை.

குழப்பம் இயல்புதான். தெருக்கூத்தில் வேஷக்காரர் தான் யாரென்று சொல்லிக்கொண்டுதான் சபைக்கு வருவார். அது நமக்குப் பழகிவிட்டது. இவரோ தன்னைப் பற்றி வாய் திறக்காமல் மற்றவர்களைச் சொல்லவைக்கிறார்.

உடுப்பையும் கவனியுங்கள். காக்கி வேண்டாம். பிரீஸ்ட்லி அவருக்குத் தந்தது சாதாரண கறுப்புச் சாயல் சூட். காக்கிக்கு மில் தொழிலாளி ஒதுங்கலாம், முதலாளி ஒதுங்கமாட்டார். போலீஸ் தலைமை அதிகாரி தனக்கு நண்பர் என்று பிர்லிங் சொல்லிக் காட்டுகிறார். கூலின் அதிகாரம் அவர் கேட்கும் முறையில் இருக்கிறது. ஆளை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஈவாவின் புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காட்டுவார். அதைச் சபைக்கும் காட்டிவிடாதீர்கள்.

கதையைப் பெரம்பூருக்குக் கொண்டுவந்தது மிக நல்ல முடிவு. 22 ஷில்லிங் 6 பென்ஸ் வாரக்கூலியை 25 ஷில்லிங்காகக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ததற்காகத்தான் ஈவாவை வெளியேற்றுகிறார்கள். பின்னி மில் தொழிலாளர்கள் 1918-ல் சங்கம் கண்டதும், 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் உங்கள் பகுதியின் சொந்த வரலாறு. அந்த மண்ணில் ஒரு முதலாளி வீட்டைக் கேள்வி கேட்பவருக்கு உறவுமுறை எதற்கு?

அண்ணன் காட்சிக்கு ஒதுக்கிய நேரத்தை மகள் ஷீலாவுக்குக் கொடுங்கள். வந்தவர் நிஜ இன்ஸ்பெக்டரோ இல்லையோ, நாம் செய்தது செய்ததுதான் என்று பெற்றவர்களை எதிர்த்து நிற்பவள் அவள். அவளுடைய பேச்சு பின்வரிசை வரை கேட்க வேண்டும். அப்புறம், ஒரு பெண் இறந்துவிட்டாள், விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சொல்லி நாடகத்தை முடிக்கும் அந்த டெலிபோன் மணி அடிக்கட்டும்.