கேம் விளையாடி அழலாமா?

கேள்வி: கோவையில் படிக்கிற மகன் லீவுக்கு வந்தபோது 'ஜர்னி' என்ற வீடியோ கேமை விளையாடச் சொன்னான். வசனம் இல்லை, சண்டை இல்லை, ஆனால் கடைசியில் பனிமலையில் அந்த உருவம் விழுந்ததும் அழுதுவிட்டேன். சீரியல் பார்த்தே அழாதவள் நான். மகன் சிரிக்கிறான், இது என்ன கூத்து?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சிரிக்கட்டும் விடுங்கள் அக்கா, அவன் ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாமல் அழுதிருப்பான். ஜெனோவா சென் இயக்கி 2012இல் வந்த இந்த கேமே அழவைக்கக் கணக்குப் போட்டுச் செய்ததுதான். நடுவில் நெட் வழியாக யாரோ ஒருவர் கூட வருகிறாரே, கேம் முடிகிறவரை அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, மணியோசை மாதிரி ஒரு சத்தம் கொடுக்கலாம், அவ்வளவுதான். உருவாக்கும்போது ஒருவரையொருவர் தள்ள வழி வைத்துப் பார்த்தார்களாம், ஆட்கள் தள்ளிவிட்டே விளையாடியதால் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒட்டி நின்றால் கழுத்துத் துணி ஒளிர்ந்து மறுபடி பறக்கலாம். பனியில் அதே துணி உறைந்து குட்டையாகிக்கொண்டே போகிறது, எவ்வளவு அழுத்தினாலும் நடை நகர மாட்டேன் என்கிறது (ஆடிக்காற்றில் வாளையாரிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தத் தளர்ச்சி தெரியும்). சீரியலில் விழுகிறவர் யாரோ. இங்கே உங்கள் விரல் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே விழுகிறது, அதான் விஷயம். அப்புறம் இசையமைப்பாளர் ஆஸ்டின் வின்டரியின் செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) இசை வேறு. படம், டிவி மாதிரியானவற்றின் பின்னணி இசைக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரையான முதல் வீடியோ கேம் இசை அது.

கேள்வி: ஜர்னி மாதிரி தோல்வியே இல்லாததை கேம் என்று எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பார்சிலோனாக்காரர்கள் 2018இல் செய்த 'கிரிஸ்' கேமிலும் சாவு கிடையாது. குரல் போன ஒரு பெண், வெளிறிப்போன உலகம், ஒவ்வொரு நிறமாகத் திரும்பி வருகிறது. துக்கத்தைப் பற்றியது. எனக்கு அதில் அழகு கொஞ்சம் தூக்கல், ஒவ்வொரு காட்சியும் போஸ்டர் மாதிரி நிற்பதால் மனசு ஒட்டவில்லை. ஆனால் வீட்டில் யாரையாவது இழந்தவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

கேள்வி: என்னிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது. எதில் ஆரம்பிக்கலாம்?
- ஒரு கல்லூரி மாணவி, கோவிந்தாபுரம்

பதில்: ஜர்னி செய்தவர்களின் 'ஸ்கை' இலவசம். மேகமும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். ஹெட்போன் கட்டாயம். உள்ளே காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரங்களும் உண்டு, அப்பா கார்டு போனில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.