அப்பத்தா கையில் ஒரு தேள்

கேள்வி: மகளுக்குப் பார்த்திருக்கும் பையனின் கை முழுக்க டாட்டூ. 'ரௌடி மாதிரி இருக்கான்' என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே சிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அவர் காதுபடச் சிரித்ததுதான் எனக்கு வலிக்கிறது. என் அப்பத்தாவுக்கு வலக்கையில் கோலம், இடக்கையில் தேள். மஞ்சளும் அகத்திக்கீரையும் எரித்த கரியைக் குழைத்து, குறத்தி ஊசியால் குத்திய பச்சை. கூலி ஒரு படி நெல்லாம். அந்தக் கையால் சோறு வாங்கித் தின்ற எவரும் அவரை ரௌடி என்றதில்லை.

பையன் குடிப்பாரா, கடன் உண்டா, தன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்? இதையெல்லாம் விசாரியுங்கள். டாட்டூ புதிது என்றால், குத்தி 12 மாதம் வரை ரத்ததானம் செய்யக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அது சரி, உங்கள் மகள் என்ன சொல்கிறாள்? கடிதத்தில் அது இல்லையே, அம்மா.