மாத்திரை போட்டும் குளம் பச்சையாவது ஏன்?

நீச்சல் குளத் தண்ணீரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 60,000 லிட்டர் நீச்சல் குளம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டாக டிசிசிஏ 90 மாத்திரை மட்டும்தான் போடுகிறோம். டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் நன்றாகவே வருகிறது. ஆனாலும் சித்திரை வெயில் தொடங்கினால் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் மயில்துத்தம் போடலாம் என்கிறார் பராமரிப்பவர். போடலாமா?
— சங்கச் செயலாளர், சோழிங்கநல்லூர்

பதில்: மயில்துத்தம் வேண்டாம். அதிலுள்ள செம்பு சுவரில் கறையாகப் படியும். நரைத்த தலைமுடியில் பச்சை ஏறும். கிருமியைக் கொல்வதில் குளோரினின் வேகம் அதற்கு வராது. உங்கள் சிக்கல் அந்த மாத்திரையிலேயே இருக்கிறது.

டிசிசிஏ என்பது குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த பொருள். கடையில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் தருவது இந்த அமிலத்தைத்தான். அது ஓரளவு இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருந்தால் குளோரினுக்குக் குடை பிடித்த மாதிரி. ஆனால் குளோரின் தினமும் செலவாகிறது, சயனூரிக் அமிலம் செலவாவதில்லை. மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் என்று வைத்தால் மாதத்துக்கு 36 பிபிஎம் அமிலம் சேரும். பேக்வாஷில் (ஃபில்டரைத் தண்ணீரால் பின்னோக்கி அலசுவதில்) கொஞ்சம் வெளியேறினாலும் நாலைந்து மாதத்தில் 100ஐத் தாண்டிவிடும். நீங்கள் ஒன்றரை ஆண்டாகப் போடுகிறீர்கள்.

அளவு கூடக் கூட அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிட் அதையும் சேர்த்தே காட்டும். குதிரில் நெல் இருக்கிறது, உலையில் அரிசி இல்லை என்ற நிலை இது. பாசியைத் தடுக்கக் குளோரின், அமில அளவில் குறைந்தது 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும். அமிலம் 40 என்றால் 3 பிபிஎம் போதும். 150 என்றால் 11 பிபிஎம்முக்கு மேல் வேண்டும். நாளுக்கு 2 பிபிஎம் போட்டால் அங்கே எதற்கும் காணாது.

முதலில் அளந்து பாருங்கள். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் பார்க்கும் சயனூரிக் அமிலக் கிட் தனியாகக் கிடைக்கும். குளத்து நீரையும் மருந்தையும் சம அளவு கலந்து, புள்ளி மறையும் வரை குழாயில் ஊற்றி, நீர்மட்டத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். 100 என்ற கோட்டிலேயே மறைந்துவிட்டால், குளத்து நீரில் அதே அளவு குழாய்த் தண்ணீர் சேர்த்து மறுபடி சோதித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள்.

இந்த அமிலத்தைக் குறைக்க நம்பகமான ஒரே வழி தண்ணீரை மாற்றுவது. 150 இருந்தால் பாதியை இறக்கி நிரப்பினால் 75, மறுபடி பாதி மாற்றினால் 37. மொத்தம் 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஐந்து நடை. செலவுதான், ஆனால் வேறு வழியில்லை. குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள். மழைக்காலத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கும், தரை வெடித்துவிடும்.

தண்ணீர் மாற்றியபின் பாசியைக் கொல்லக் குளோரினை 16 பிபிஎம் வரை ஏற்றுங்கள். 10 சதவீதத் திரவக் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட்) உங்கள் குளத்துக்கு 600 மில்லி போட்டால் 1 பிபிஎம் ஏறும், ஆகவே 9.6 லிட்டர். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, சுவர்களைப் பிரஷால் தேய்த்து, அளவு இறங்க இறங்கத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருங்கள். இரவு அளந்த குளோரின் விடிவதற்குள் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் நின்றால் பாசி ஒழிந்தது. அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

அதன்பின் 3 முதல் 5 பிபிஎம்மில் நிறுத்துங்கள். வெயில் நாளில் மாலைதோறும் சுமார் 1.2 லிட்டர் திரவக் குளோரின் தேவைப்படும். சூட்டில் அதன் வீரியம் குறையும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். 65 சதவீதக் குருணை (கால்சியம் ஹைப்போகுளோரைட்) என்றால் 1 பிபிஎம்முக்கு 92 கிராம். ஆனால் அது தண்ணீரில் சுண்ணாம்பை ஏற்றும். ஏற்கெனவே உப்பும் கடினமுமான போர் தண்ணீருக்குப் பொருந்தாது. சாதாரண பிளீச்சிங் பவுடர் அடியில் சேறாகப் படியும்.

இன்னொன்று. உங்கள் மஞ்சள் நிறக் கிட் மொத்தக் குளோரினைக் காட்டுவது. ஃப்ரீ குளோரினை (அழுக்கோடு சேராமல் மீதமிருப்பதை) தனியாகக் காட்டும், இளஞ்சிவப்பு நிறம் வரும் டிபிடி கிட்டுக்கு மாறுங்கள். அதில் நிறமே வராவிட்டால் உடனே குளோரின் இல்லை என்று நினைக்க வேண்டாம். அளவு மிக அதிகமாக இருந்தாலும் நிறம் வெளுத்துவிடும். நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: மகளை நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறேன். மூடிய கூடத்தில் குளோரின் நெடி தாங்கவில்லை, கண் சிவக்கிறது. குளோரினைக் குறைக்கச் சொல்லலாமா?
— வாசகி, மதுரை

பதில்: குறைக்கச் சொன்னால் நிலைமை மோசமாகும். அந்த நெடி குளோராமினுடையது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. மொத்தக் குளோரினிலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழித்தால் அதன் அளவு தெரியும். 0.4 பிபிஎம்மைத் தாண்டினால் அதைப் போல் பத்து மடங்கு குளோரின் போட்டு எரிக்க வேண்டும், புதுத் தண்ணீரும் சேர்க்க வேண்டும். கூடத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் இதெல்லாம் பாதிப் பலன்தான். நிர்வாகத்திடம் பிஹெச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது ஏறினால் அமிலத்தன்மை குறைவு) எவ்வளவு என்றும் கேளுங்கள். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால்வாசிக்கும் கீழே. இறங்குமுன் ஒவ்வொரு குழந்தையும் ஒரு நிமிடம் குளிப்பது மற்ற எல்லாவற்றையும்விட நன்மை செய்யும்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டேயில் 1,500 லிட்டர் ஹாட் டப் வைத்திருக்கிறோம். குளோரினா, புரோமினா? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: கூரைக்குக் கீழே, மூடி போட்ட தொட்டி என்றால் புரோமினையே சொல்வோம். வியர்வையோடு சேர்ந்த குளோரின் வலுவிழக்கும். புரோமின் சேர்ந்தபின்பும் கிருமியைக் கொல்லும். ஜெட் ஓடினால் பிஹெச் தானாக ஏறும், அப்போதும் புரோமின் குளோரினைவிடத் தாக்குப்பிடிக்கும். 4 முதல் 8 பிபிஎம் வரை வைத்திருங்கள். வெயில் விழும் இடத்தில் புரோமின் நிற்காது, அதைக் காக்க ஸ்டெபிலைசரும் கிடையாது.

புரோமின் கிடைக்காவிட்டால் திரவக் குளோரினே போதும். 10 சதவீதச் சரக்கு 15 மில்லிக்கு 1 பிபிஎம் ஏறும். 3 பிபிஎம்முக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. டிசிசிஏ மாத்திரையை வெந்நீரில் போடவே போடாதீர்கள். மேலே சொன்ன அமிலம் இவ்வளவு சிறிய தொட்டியில் மளமளவென்று ஏறிவிடும். ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய 9 கிராம் குளோரின் செலவாகும், அதாவது 90 மில்லி. விருந்தினர் எழுந்ததும் அதைப் போடுங்கள். அடுத்தவர் இறங்குமுன் அளந்து பாருங்கள். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

இதில் அசட்டை கூடாது. குளோரின் இல்லாத வெந்நீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகி, நீச்சலுடை மூடிய இடத்தில் செம்புள்ளிகளாகச் சொறி வரும். லெஜியனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா ஜெட்டின் நீர்த்திவலையோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா தரும். இரண்டும் குழாய்களுக்குள் வழுவழுப்பாகப் படிந்த படலத்தில் ஒளிந்திருப்பவை. அதனால் தண்ணீரை இறக்குமுன் 10 பிபிஎம் குளோரின் போட்டு ஜெட்டுகளை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவதை நாள் கணக்கில் பார்க்காமல் ஆள் கணக்கில் பாருங்கள். லிட்டரை 11.4ஆல் வகுத்தால் வருவது அந்தத் தண்ணீர் தாங்கும் ஆட்களின் எண்ணிக்கை. உங்கள் தொட்டிக்கு 131 பேர். தினம் நால்வர் என்றால் 32 நாள்; விடுமுறைக் காலத்தில் தினம் பத்துப் பேர் என்றால் 13 நாள்.

கேள்வி: ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் பயிற்சி தருகிறோம். குழந்தைக்குத் தண்ணீருக்குள்ளேயே வயிற்றுப்போக்கு ஆகிவிட்டால் என்ன செய்வது?
— பயிற்சியாளர், கோவை

பதில்: எல்லோரையும் வெளியேற்றி, அழுக்கை வலையால் அள்ளுங்கள்; வாக்குவம் வைக்காதீர்கள். பயம் வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பற்றித்தான்: வழக்கமான 1 பிபிஎம் குளோரினில் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பிஹெச் 7.5க்கு மேல் போகாமல் 20 பிபிஎம்மை 12 மணி 45 நிமிடம் நிறுத்த வேண்டும். உங்கள் குளத்துக்கு 10 சதவீதத் திரவம் 20 லிட்டர். இந்தக் கணக்கு ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீருக்கு. 15 பிபிஎம் வரை ஸ்டெபிலைசர் இருந்தால் 28 மணி நேரம். அதற்கும் மேல் என்றால் முதலில் தண்ணீர் மாற்றி அதைக் குறைக்க வேண்டும். முடிந்ததும் ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள்.

கெட்டியான மலம் என்றால் இவ்வளவு வேண்டாம். அள்ளிவிட்டு, பிஹெச் 7.5க்குள் வைத்து, 2 பிபிஎம்மில் 25 நிமிடம் போதும்.

கேள்வி: மாத்திரையையும் குருணையையும் ஒரே டப்பாவில் வைக்கலாமா? இரண்டும் குளோரின்தானே?
— காவலாளி, திருச்சி

பதில்: கூடவே கூடாது. டிசிசிஏயும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால், அதிலும் ஈரம் பட்டால், தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றைப் போட்ட மிதவையில் (மருந்தை வைத்துக் குளத்தில் மிதக்கவிடும் டப்பாவில்) மற்றதைப் போடுவதும் அதே ஆபத்துதான். பிஹெச் குறைக்க வைத்திருக்கும் ஆசிட் திரவக் குளோரினோடு சேர்ந்தால் விஷவாயு. ஒவ்வொன்றுக்கும் தனி அறை அல்லது தனி அலமாரி, தனிக் கரண்டி. மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. டப்பா சூடாகிப் புகையோ நெடியோ வந்தால் கிட்டே போகாமல் ஆட்களைக் காற்று வரும் பக்கமாக வெளியேற்றி 101ஐ அழையுங்கள்.