மூன்று ஏக்கர் காபிக்கு ஐரோப்பிய சர்டிபிகேட்டா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் போட்டது. போன மாதம் ஒரு தரகர் வந்தார். ஐரோப்பாவில் காடழிப்புச் சட்டம் வந்துவிட்டதாம், சர்டிபிகேட் இல்லாத கொட்டையை இனிமேல் எந்த வியாபாரியும் எடுக்கமாட்டாராம். ஏக்கருக்கு நாலாயிரம் ரூபாய், ஆதார் நகல், பட்டா நகல் கேட்கிறார். காட்டை எரிப்பது பிரேசிலில். நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இன்னொரு பயமும் இருக்கிறது. 2022-இல் முப்பது சில்வர் ஓக் மரங்களை விற்றேன். அது காடழிப்புக் கணக்கில் வந்துவிடுமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படி ஒரு சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அதில் விவசாயிக்கு என்று ஒரு சர்டிபிகேட்டே கிடையாது. யாரும் அதை அச்சடிப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. ‘இந்தச் சரக்கு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தது அல்ல’ என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியவர் அதை ஐரோப்பாவுக்குள் இறக்கும் கம்பெனிக்காரர். தப்பு செய்தால் அவருடைய ஆண்டு வியாபாரத்தில் நூற்றுக்கு நாலு பங்கு வரைக்கும், அதற்கு மேலும் அபராதம் போடலாம். அந்தப் பயத்தில் அவர் இங்குள்ள ஏற்றுமதியாளரை நெருக்குகிறார், ஏற்றுமதியாளர் வியாபாரியை நெருக்குகிறார். பயம் மலையேறி உங்கள் வாசலுக்கு வரும்போது அதற்கு ஒரு விலை ஒட்டியிருக்கிறது, ஏக்கருக்கு நாலாயிரம்.

‘நான் எதற்கு’ என்ற கேள்வி நியாயமானது. 1990-இலிருந்து 2020 வரை உலகத்தில் 42 கோடி ஹெக்டேர் காடு வேறு உபயோகத்துக்குப் போய்விட்டது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பகுதி விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் போனது. அமேசானில் மாட்டு மேய்ச்சல், இந்தோனேசியாவில் பாமாயில், ஐவரி கோஸ்ட்டில் கோகோ, வியட்நாமின் மலைநாட்டில் 1990-களில் ரொபஸ்டா காபி. வெட்டியவன் அங்கே இருந்தாலும் வாங்கித் தின்றவர்களில் ஐரோப்பியர்களும் உண்டு. அதனால்தான் மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் என்று ஏழு சரக்குகளைப் பிடித்தார்கள். காபி அதில் மாட்டிக்கொண்டது, காபியோடு நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள். வேடிக்கை என்னவென்றால், காடு போனால் முதலில் அடிபடுவதும் காபிதான். அமேசான் காடு மூச்சாக விடும் ஈரம் காற்றோடு தென்கிழக்கு பிரேசில் வரைக்கும் மழையாகப் போகிறது. அவர்களுடைய அராபிகா காபி விளைவது அந்தப் பக்கத்தில்.

சட்டம் பார்க்கும் தேதி ஒன்றே ஒன்று, 2020 டிசம்பர் 31. அதற்குப் பிறகு காடாக இருந்த நிலத்தை அழித்து விளைவித்த சரக்கு உள்ளே போகக் கூடாது. அதற்கு முன்னால் அழித்ததைப் பற்றிக் கேள்வி இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சோலைக்காட்டை மலை மலையாக வெட்டித் தோட்டம் போட்ட துரைமார்களின் கணக்கு மூடியாகிவிட்டது. முந்தாநாள் ஓரத்தில் கால் ஏக்கர் புதர் வெட்டியவருக்குத் தூக்கம் போய்விட்டது. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களிடம் உண்மையில் கேட்கப்படுவது தோட்டம் இருக்கும் இடம். நாலு ஹெக்டேர் வரைக்கும், அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு வரைக்கும், ஒரே ஒரு புள்ளி போதும். போனில் மேப்பைத் திறந்து, தோட்டத்துக்கு நடுவில் நின்று, விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வேண்டும் என்கிறது சட்டம். ஆறாவது இலக்கம் என்றால் அரைச் சாண் அளவு. நிழல் மரத்தடியில் நின்றால் நம் போன் பத்தடி தள்ளித்தான் காட்டும் என்பது எழுதியவர்களுக்கு யார் சொல்வது! சரி, வருகிற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுக்காதீர்கள். ஒரு ஊரில் பதினேழு பேருடைய தோட்டம் ஒரே டீக்கடை வாசலில் இருந்ததை நானே பார்த்தேன். எடுத்துக் கொடுத்தவர் ஆளுக்கு ஐந்நூறு வாங்கியிருந்தார்.

மத்திய அரசின் காபி வாரியம் இதற்காகவே விவசாயிகளைப் பதிவு செய்கிறது. போன் செயலி இருக்கிறது. முடியாதவர்கள் வாரியத்தின் களப்பணியாளரிடம் கேட்கலாம். தரகர் தேவையில்லை. அலுவலகத்தில் ஆள் இல்லை, நாளை வா என்பார்கள், அது எனக்கும் தெரியும். மறுநாளும் போங்கள்.

இனி, பணத்தைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் புள்ளியும் பட்டா நகலும் தரகரின் கையில் இருந்தால், எங்கிருந்தோ வந்த கொட்டையை உங்கள் தோட்டத்தில் விளைந்ததாகக் கணக்குக் காட்டலாம். மூன்று ஏக்கர் அராபிகாவில் நல்ல வருஷத்தில்கூட ஒரு டன் சுத்தக் கொட்டை தேறுவது கஷ்டம். உங்கள் பெயரில் ஐந்து டன் போயிருந்தால், விசாரணை வரும்போது தரகரின் போன் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ இருக்கும். நகலை யாருக்குக் கொடுத்தாலும் அதன் மேலேயே குறுக்காக எழுதுங்கள்: எந்த வருஷத்துச் சரக்கு, எத்தனை கிலோ பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, உள் உமியோடு காயவைத்த கொட்டை), யாரிடம் விற்றது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள். இலை படம் போட்ட தனியார் தோட்டச் சான்றிதழைக் காட்டி ‘இதுதான் அது’ என்று சொல்பவர்களும் உண்டு. அவை வேறு. இருந்தால் நல்லது, ஆனால் இந்தச் சட்டத்துக்கு அவை பதிலாகாது.

இப்போது சில்வர் ஓக். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கருக்கு மேல், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் கிளை மூடிய நிலம் என்று சட்டம் வரையறுக்கிறது. பயந்துவிட்டீர்கள் அல்லவா? உங்கள் தோட்டம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதே சட்டம், விவசாயத்தில் இருக்கும் நிலம் காடு ஆகாது, மர நிழலில் பயிர் வளர்க்கும் தோட்டமும் விவசாயம்தான் என்றும் சொல்கிறது. ஆகவே காபிக்கு நடுவில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நின்ற சில்வர் ஓக்கை வெட்டியது காடழிப்பு இல்லை. முப்பது மரம் என்ன, முந்நூறு மரம் வெட்டினாலும் கீழே காபி இருந்து, இன்னும் காபிதான் இருக்கிறது என்றால் இல்லை.

சிக்கல் செயற்கைக்கோளில். மேலேயிருந்து பார்த்தால் நிழல் மரத் தோப்பும் சோலைக்காடும் ஒரே பச்சை. 2020-இல் பச்சை, 2022-இல் பொத்தல் என்றால், ஐரோப்பாவில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு அது காடு வெட்டிய இடமாகத் தெரியலாம். அவர் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். 2020-க்கு முன்னால் காபி விற்ற ரசீது, அடங்கலில் காபி என்று இருக்கும் பக்கம், வயதான செடிகளின் போட்டோ இவை உதவும். ரசீதுகளைத் தூக்கிப் போடும் பழக்கம் நம் மலையில் அதிகம். பரணில் தேடுங்கள். தோட்டத்தின் மேல் ஓரத்தில் காபி வைக்காமல் காடாகவே விட்டிருந்த துண்டு ஏதாவது இருந்து, அதை 2020-க்குப் பிறகு திருத்திக் காபி நட்டிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அந்தத் துண்டின் கொட்டையை மற்றதோடு கலக்காதீர்கள்.

ஆனால் மரத்தை அனுமதி வாங்கி வெட்டினீர்களா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை. சரக்கு உள்ளூர் சட்டப்படியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் இன்னொரு கால். நமக்கு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது. சொந்தப் பட்டா நிலமானாலும் அது பொருந்தும் கிராமங்களில் முன் அனுமதி வேண்டும். மர வியாபாரி ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருப்பார், அவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவரிடம் அந்த அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள். மழுப்பினால் தரகரிடம் ஓடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அவசரமும் இல்லை. 2024 டிசம்பர் 30 என்றார்கள், பிறகு 2025 டிசம்பர் 30 என்றார்கள், இப்போது பெரிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. சின்னக் கம்பெனிகளுக்கு இன்னும் ஆறு மாதம் கூட. இந்தியாவைக் காடழிப்பு ஆபத்து குறைந்த நாடுகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். ‘இந்த வாரமே கடைசி’ என்று உங்கள் தரகர் சொன்னால், எந்த வருஷத்து வாரம் என்று கேளுங்கள்.

தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறதா? இருந்தால் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பகுதியை வாரிசுச் சான்றிதழுக்கும் பெயர் மாற்றத்துக்கும் செலவழியுங்கள். சட்டம் இன்னும் நாலு முறை தள்ளிப்போனாலும் அந்த வேலை வீணாகாது.